மேலே இருக்கிற கிணறு

ஜனவரி 11

அன்புள்ள அண்ணிக்கு,

திடீரென்று இப்படி எழுதுவதற்கு முதலில் பொறுத்துக்கொள்ளுங்கள். கல்யாணத்தன்று உங்களிடம் "சாப்பிட்டீங்களா" என்று கேட்டதோடு சரி. அதற்குப் பிறகு ஊருக்கு வந்தபோதும் சமையலறையில் உங்கள் பின்னால் வந்து நின்று, வெங்காயம் உரித்துக் கொடுத்துவிட்டுப் பேசாமல் போய்விட்டேன். போனில் பேசலாம் என்றால் போன் இருப்பது சைக்கிள் கடையில். காற்றடிக்க வந்தவர்கள் எல்லாம் காதைத் தீட்டிக்கொண்டு நிற்பார்கள். எனக்கு நாக்கு எழாது. அண்ணனுக்கு எழுதினேன், பதில் இல்லை. அதனால் உங்களிடம் வருகிறேன். உடம்பு எப்படி இருக்கிறது? அண்ணனுக்கு இருமல் குறைந்ததா?

நான் வேலை செய்யும் நீர் ஆய்வு ஆபீசில் இந்த வருடம் சிறிய ஓடைகளை எடுத்திருக்கிறார்கள். நம் வீட்டுக்குப் பின்னால் ஓடுவதும் அதில் வந்தது. அதை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். கேட்டேன் என்றால் வாயைத் திறந்து அல்ல. அந்த வரியின் அடியில் பென்சிலால் கோடு போட்டு அதிகாரியின் மேசையில் வைத்துவிட்டு வந்தேன்.

என் வேலை வரைபடம் போடுவது. எங்கெங்கே விழும் மழை நம் ஓடைக்கு வந்து சேருமோ, அந்த நிலம் முழுவதையும் சுற்றி ஒரு கோடு வரைய வேண்டும். கூரைக்கு முகடு மாதிரி நிலத்துக்கும் முகடு உண்டு. நம் ஓடையின் முகடு மலையில் கல்குவாரியைச் சுற்றி, பள்ளிக்கூடத் திடலைக் குறுக்கே வெட்டி, பஸ் நிறுத்தத்து நிழற்குடையின் மேல் போகிறது. அந்தத் தகரத்தில் இந்தப் பக்கம் விழுந்த மழை நம்முடையது. அந்தப் பக்கம் விழுந்தது வேறு ஏதோ ஆற்றுக்குப் போகிறது. கல்லூரிக்குப் போக நான் தினமும் அதன் அடியில்தான் நின்றேன். என் இரண்டு தோளிலும் சொட்டியது வேறு வேறு ஆற்றின் தண்ணீர் என்று அப்போது தெரியாது.

எங்கள் ஆட்கள் வந்து பாட்டிலில் தண்ணீர் பிடித்துப் போவார்கள். அவர்கள் ஒரு நாள் பார்ப்பார்கள். நீங்கள் தினமும் பார்க்கிறீர்கள். சமையலறை ஜன்னலில் தெரிவதை எனக்கு எழுத முடியுமா? நிறம், நுரை, வாடை, மீன், பறவை, எதுவானாலும் சரி.

இன்னொன்றும் கேட்க வேண்டும். அது பிறகு.

உங்கள் நாத்தனார்

ஜனவரி 24

நாத்தனாருக்கு,

நீ எழுதினது வந்து சேர்ந்தது. இங்கே எல்லாரும் சுகம்தான். எனக்கு மட்டும் காலையில எது தின்னாலும் வயிறு திருப்பிக் கொடுத்துடுது. போகப்போகச் சரியாயிடும். நீ ஒழுங்கா சாப்பிடறியா? கல்யாணத்தில பார்த்தப்பவே குச்சி மாதிரி இருந்தே.

உன் அண்ணன்கிட்ட காட்டினேன். "நம்ம ஊமைக்கோட்டானா இவ்வளவு எழுதியிருக்கு?"ன்னு தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துச் சிரிச்சார். ஓடையைப் பத்தி எழுதியிருக்கிற இடம் வந்ததும் சிரிப்பு நின்னுபோச்சு. மடிச்சு என் கையிலயே கொடுத்துட்டார்.

ஜன்னல்ல தெரியறது இதுதான். காலையில தண்ணி தெளிவாதான் இருக்கு. மத்தியானத்துக்கு மேல சில நாள் கரையோரமா ஒரு மஞ்சள் கோடு வரும், யாரோ மஞ்சத்துணியை அலசின மாதிரி. மீன்கொத்தி ஒண்ணு எதிர்க்கரை மரத்தில உட்காரும். பாவம், அது தண்ணியைப் பார்க்கும், தண்ணி அதைப் பார்க்கும், குதிச்சு நான் பார்த்ததில்லை.

குடிதண்ணியைப் பத்தி நீ கேட்கலை, நானே சொல்றேன். நமக்கு ரெண்டு கிணறு. கீழப்பக்கம், உன் அண்ணன் வேலை செய்யற முலாம் பட்டறையைத் தாண்டிப் போனா, தையல்காரம்மா கிணறு. மேலப்பக்கம் சைக்கிள் கடைக் கிணறு. குடிக்கத் தையல்காரம்மா கிணறு, துவைக்க மத்தது. நான் வந்த புதுசில இந்த மேலே கீழே பெரிய கூத்தாச்சு. ஓடை மலையிலிருந்து இறங்கி சைக்கிள் கடைப் பக்கம்தானே ஓடுது, அப்ப அது கீழேதானே? உங்கப்பா "மேலே போய் ஒரு குடம் மோந்து வாம்மா"ன்னார். நான் குடத்தைத் தூக்கிட்டு மலைப் பக்கம் போயிட்டேன். அப்புறம்தான் சொன்னார், அவர் பிறந்த ஊரில மேற்கே மேடாம், கிழக்கே பள்ளமாம். அதனால மேற்குன்னா மேலே. இங்கே மலை கிழக்கே, நிலம் தலைகீழா சாஞ்சிருக்கு, மாமா நாக்கு மட்டும் சாயலை. இப்ப நானும் அப்படித்தான் பேசறேன். அவர் போயிட்டாலும் அவரோட மேலே கீழே இந்த வீட்டிலதான் இருக்கு.

உடம்பைப் பார்த்துக்கோ. அந்த இன்னொண்ணு என்னன்னு சொல்லு.

அண்ணி

பிப்ரவரி 8

அன்புள்ள அண்ணிக்கு,

வயிறு சரியாகிவிட்டதா? எனக்கு ஒரு குறையும் இல்லை. விடுதிச் சாப்பாட்டில் உப்பு இருக்காது, ஆனால் நேரத்துக்குக் கிடைக்கிறது.

நீங்கள் எழுதிய மஞ்சள் கோட்டை வரைபடத்தின் ஓரத்தில் குறித்துக்கொண்டேன். மீன்கொத்தியைப் பற்றிய வரியை அதிகாரியிடம் படித்துக் காட்டினேன். நான் வாய்விட்டுப் படித்ததில் அவருக்கே அதிசயம். அப்பாவின் மேலே கீழேயை நினைத்துச் சிரித்தேன். அது எனக்கு மறந்தே போயிருந்தது.

இன்னொரு வேலை சொல்லட்டுமா? ஓடையில் முழங்கால் அளவு தண்ணீர் இருக்கும் இடத்தில் ஒரு கல்லைப் புரட்டிப் பாருங்கள். அடிப்பக்கத்தில் ஒட்டிக்கொண்டு, மூன்று வாலோடு, நகத்தளவு ஒரு பூச்சிக்குஞ்சு இருந்தால் தண்ணீர் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். அது கெட்ட தண்ணீரில் தங்காது. அதற்குப் பதில் சேற்றில் நூல் மாதிரி சிவப்புப் புழு மட்டும் நெளிந்தால், மற்றதெல்லாம் போய்விட்டது, எதையும் தாங்குவது மட்டும் மிச்சம் இருக்கிறது என்று அர்த்தம். தையல்காரம்மா வீட்டருகே ஒரு கல், நம் வீட்டருகே ஒரு கல் புரட்டினால் போதும். வழுக்கும், மெதுவாக இறங்குங்கள். கையை நன்றாகக் கழுவிவிடுங்கள்.

அண்ணனின் பட்டறையில் வேலை எப்படிப் போகிறது? சும்மாதான் கேட்கிறேன்.

உங்கள் நாத்தனார்

மார்ச் 2

நாத்தனாருக்கு,

வயிறு பரவாயில்லை. உனக்கு உப்பு பொட்டலம் கட்டி அனுப்பட்டுமா?

கல்லைப் புரட்டினேன். தையல்காரம்மா வீட்டுப் பக்கம் உன் மூணு வால்காரன் இருந்தான். ஒண்ணு இல்லை, கல் முழுக்க. வாலை ஆட்டி ஆட்டி ஓடினான். தையல்காரம்மா ஊசியைக் கையில வெச்சுக்கிட்டே கரையில வந்து நின்னு, "என்னம்மா, கல்லுக்கு அடியில எதைத் தொலைச்சே?"ன்னாங்க. என் நாத்தனார் தொலைச்சதுன்னேன்.

நம்ம வீட்டுப் பக்கம் ஒருத்தனும் இல்லை. சேத்தைக் கிளறினா சிவப்பு நூல். ஒரு பிடி சேத்தில ஒரு பிடி நூல். எனக்குக் குமட்டிப்போச்சு. இப்பெல்லாம் குனிஞ்சாலே குமட்டுது, அதுக்கு வேற காரணம் இருக்கு, பிறகு எழுதறேன்.

நான் அப்படிக் குனிஞ்சுக்கிட்டு இருக்கிறப்ப உன் அண்ணன் பட்டறையிலிருந்து சாப்பிட வந்தார். என் கையில இருந்த கல்லைப் பார்த்தார். "அங்கே எதுக்குக் கையை விடறே?"ன்னு அதட்டினார். என்னை அவர் அதட்டி நான் கேட்டதே இல்லை. சாப்பாடு பாதியில எழுந்துட்டார். சாயங்காலம் வந்து, "அவளுக்கு வேற ஓடையே கிடைக்கலையா?"ன்னார். உன்னைத்தான்.

பட்டறையில வேலை எப்படின்னு கேட்டிருந்தே. தினமும் போறார், வர்றார். விரல் நுனியில தோல் உரியுது, எண்ணெய் தடவி விடறேன். அதுக்கு மேல அவரும் சொல்றதில்லை, நானும் கேட்கறதில்லை. நீ சும்மா கேட்கிற ஆள் இல்லைன்னு எனக்கு இப்ப தெரியும்.

அண்ணி

மார்ச் 28

அன்புள்ள அண்ணிக்கு,

எல்லோரும் நலமாக இருக்க வேண்டும். இதை அவசரமாக எழுதுகிறேன்.

பரிசோதனை முடிவுகள் வந்துவிட்டன. ஓடைத் தண்ணீர் மட்டுமல்ல, எங்கள் ஆட்கள் கிணறுகளிலும் பிடித்துப் போனார்கள். அறிக்கை முடியும்வரை வெளியே ஒரு சொல் சொல்லக் கூடாது என்று எங்களிடம் கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். தபால் யார் கையில் சிக்கும் என்றும் தெரியாது. அதனால் எந்தப் பெயரும் எழுதாமல் சொல்கிறேன்.

கீழே இருக்கிற கிணற்றுத் தண்ணீரை இனி வாயில் வைக்காதீர்கள். குடிக்கவும் சமைக்கவும் மேலே இருக்கிற கிணற்றிலிருந்து மட்டும் எடுங்கள். காய்ச்சினால் சரியாகிவிடும் என்று நினைக்க வேண்டாம். இது காய்ச்சினாலும் போகாது.

இன்று முதலே மாற்றிவிடுங்கள். காரணத்தை நேரில் சொல்கிறேன். இந்தக் கடிதத்தைக் கிழித்துவிடுங்கள்.

உங்கள் நாத்தனார்

ஏப்ரல் 9

நாத்தனாருக்கு,

நீ சொன்ன அன்னிக்கே மாத்திட்டேன். நீ பேர் எழுதாததால நானும் எழுதலை. கிணத்துக்காரங்க விடுவாங்களா? "இத்தனை நாள் இனிச்ச தண்ணி இப்ப ஏன் கசக்குது?"ன்னு கேட்டாங்க. குடத்தைத் தூக்கிட்டு நடந்தேன். முகத்தைத் திருப்பிக்கிட்டாங்க. போகட்டும், படிச்ச பொண்ணு காரணம் இல்லாம சொல்ல மாட்டேன்னு இருந்துட்டேன்.

புதுத் தண்ணி நாக்குக்குப் பிடிக்கலை. ஆணியை நக்கின மாதிரி இருக்கு. மருந்துன்னு நினைச்சு முழுங்கறேன்.

இப்ப நான் ஒளிச்சு வெச்சதைச் சொல்லிடறேன். எனக்கு அஞ்சாம் மாசம் நடக்குது. முதல் தடவை தங்காமப் போனது உனக்குத் தெரியாது, உன்கிட்ட யாரும் சொல்லலை. அதனாலதான் இந்தத் தடவை யாருக்கும் வாயைத் திறக்கலை. நீ அத்தையாகப் போறே. அதுக்கு நல்ல தண்ணியை நீயே முன்கூட்டிப் பார்த்துக் கொடுத்துட்டே. பிறக்கறதுக்கு முன்னாடியே அத்தை சீர் வந்தாச்சுன்னு உன் அண்ணன்கிட்ட சொன்னேன். அவர் சிரிக்கலை. பயம்போல.

அண்ணி

ஏப்ரல் 20

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் கடிதத்தை ஆபீஸ் மாடிப்படியில் உட்கார்ந்து மூன்று தடவை படித்தேன். எழுந்து போய் முன்பின் பேசாத ஒரு தட்டச்சுக்காரம்மாவிடம் "நான் அத்தையாகப் போறேன்" என்று சொல்லிவிட்டேன். அவர் பயந்துபோய் வாழ்த்துச் சொன்னார்.

முதல் தடவை நடந்தது எனக்குத் தெரியாமல் போயிற்றே என்று இருக்கிறது. நான் வந்து வெங்காயம் உரித்துவிட்டுப் போனது அதற்குப் பிறகுதானா?

வாயில் ஆணி ருசி இருப்பதைப் பற்றிக் கவலை வேண்டாம். பிள்ளைத்தாய்ச்சிகளுக்கு வாய் அப்படித்தான் இருக்கும் என்று தட்டச்சுக்காரம்மாவும் சொன்னார். நீங்கள் தண்ணீரை மாற்றிவிட்டீர்கள் என்பதே எனக்கு நிம்மதி. இனி சில வாரம் வேறு ஓடை ஒன்றுக்கு எங்களை அனுப்புகிறார்கள். திரும்பி வந்ததும் எழுதுகிறேன். குனியாதீர்கள், கல்லைப் புரட்டாதீர்கள்.

உங்கள் நாத்தனார்

ஜூன் 14

நாத்தனாருக்கு,

எங்கே போயிட்டே? ஒரு வரி கூடக் காணோம். வேலை முடிஞ்சு வந்திருப்பேன்னு எழுதறேன்.

எனக்குக் கால் கொஞ்சம் வீங்குது, மத்தபடி நடமாடறேன். உள்ளே இருக்கிறது உதைக்குது, ஆனா டாக்டரம்மா அளந்து பார்த்துட்டு, "மாசத்துக்குத் தக்க வளர்ச்சி இல்லையே, நல்லா சாப்பிடுங்க"ன்னாங்க. சாப்பிட்டுக்கிட்டேதான் இருக்கேன்.

உன் அண்ணனுக்கு என்ன வந்துதோ தெரியலை. ராத்திரி நான் ரொப்பி வெக்கிற பானையை விடியறப்ப கவுத்துட்டு, கழுவி, தானே போய்ப் புதுசா மோந்து வந்து வெச்சுடறார். நான் எழுந்திருக்கறதுக்குள்ள வேலை முடிஞ்சிருக்கும். கேட்டா, "நீ குனியாதே"ங்கறார். வேடிக்கை என்னன்னா, அவர் மோந்து வர்ற தண்ணி மட்டும் இனிக்குது. இதைச் சைக்கிள் கடைக்காரர்கிட்ட சொன்னேன். "என் கிணத்துத் தண்ணிதானேம்மா, புருஷன் தூக்கிட்டு வந்தா இனிக்கும்போல"ன்னு கடை முழுக்கச் சிரிப்பு.

பதில் போடு.

அண்ணி

ஜூன் 19

அண்ணி,

நேற்று மாலை வேலைக்குப் போன இடத்திலிருந்து திரும்பியதும் உங்கள் கடிதத்தைப் பிரித்தேன். இன்று காலை சைக்கிள் கடைக்குப் போன் செய்தது நான்தான். அவர் வந்து சொல்லியிருப்பார். உங்களைக் கூப்பிடச் சொல்லக்கூட எனக்குப் பொறுமை இல்லை. காற்றடிக்க வந்தவர்கள் எல்லாம் கேட்டிருப்பார்கள். கேட்கட்டும்.

நான் கீழே என்று எழுதியது தண்ணீர் இறங்கிப் போகும் பக்கத்தை. சைக்கிள் கடைக் கிணற்றை. அதை விடுங்கள், மலைப் பக்கம் தையல்காரம்மா கிணற்றுக்குப் போங்கள் என்பதுதான் நான் சொல்ல வந்தது. ஆபீசில் எல்லோரும் தண்ணீர் வரும் பக்கத்தை மேலே என்போம், போகும் பக்கத்தைக் கீழே என்போம். பகல் முழுக்க அப்படியே பேசி என் நாக்கு அப்படியே ஆகிவிட்டது. நம் வீட்டில் அது தலைகீழ் என்று நீங்கள் எனக்கு எழுதியிருந்தீர்கள். குடிக்கத் தையல்காரம்மா கிணறு என்பதும் அதே கடிதத்தில்தான் இருந்தது. படித்தேன், சிரித்தேன், மறந்தேன். எங்கிருந்தோ வந்த உங்களுக்கு என் அப்பாவின் பேச்சு பழகிவிட்டது. அவர் மகளுக்கு அது போய்விட்டது.

பெயர் எழுதப் பயந்தேன். காரணத்தை எழுதப் பயந்தேன். நிலத்துக்கு உள்ளேயும் தண்ணீர் ஓடையைப் போலச் சாய்ந்த பக்கமே நகரும் என்று ஒரு வரி எழுதியிருந்தால் நீங்களே எது எந்தக் கிணறு என்று கண்டுபிடித்திருப்பீர்கள். ஆணி ருசி என்று எழுதினீர்கள், அதற்கும் ஒரு சமாதானம் சொன்னேன்.

சைக்கிள் கடைக்காரர் போனில், "என் கிணத்துக்கு என்னம்மா?" என்று கேட்டார். ஆபீசில் கொடுத்த கையெழுத்து நினைவுக்கு வந்தது. "நீங்களும் குடிக்காதீங்க" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன்.

அண்ணி, டாக்டரிடம் உடனே போங்கள். முலாம் பூசும் இடத்துக் கழிவு கலந்த தண்ணீரைக் குடித்தேன் என்று சொல்லுங்கள். ரத்தம் எடுக்கச் சொல்லுங்கள். எனக்கு ஒரு வரி எழுதுங்கள். திட்டியாவது எழுதுங்கள்.

உங்கள் நாத்தனார்

ஜூலை 29

தங்கச்சிக்கு,

இங்கே இருக்கோம். நீ இருக்கியா?

உன் அண்ணி எழுத மாட்டேங்கறா. உன் ஜூன் மாசக் கடுதாசியோட சரி, அப்புறம் நீ போட்ட மூணும் பிரிக்காம அலமாரியில இருக்கு. அதனால நான் எழுதறேன். எனக்கு எழுத வராது.

ரத்தம் எடுத்தாங்க. அந்த விஷம் அதில இருக்கு, ஆனா ரொம்பப் பயப்படற அளவு இல்லைன்னாங்க. குழந்தை வளர்ச்சி கம்மி. அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இருக்கா இல்லையான்னு டாக்டராலயே சொல்ல முடியலை.

பானை விஷயம் சொல்லணும். அவ தண்ணி மாத்தினது முதல்ல எனக்குத் தெரியாது. ஒருநாள் சாப்பிடறப்ப ஒரு வாய் குடிச்சேன். அந்த ருசி எனக்குத் தெரியும், பகல் முழுக்க பட்டறையில என் தொண்டையில இருக்கிற ருசி. கேட்டதுக்கு, நீ எழுதியிருக்கிறதா சொன்னா. படிச்சவ சொன்னது தப்பா இருக்காதுன்னு நினைச்சேன். என் நாக்கும் தப்பா இருக்காதுன்னு நினைச்சேன். ரெண்டையும் யார்கிட்ட வெச்சு ஒத்துப் பார்க்கறது? அவகிட்ட சொன்னா, உங்களுக்கு எப்படித் தெரியும்னு கேப்பா. அதனால பானையை மட்டும் மாத்திக்கிட்டே இருந்தேன். தையல்காரம்மாவுக்குத் தெரியாம அவங்க கிணத்தில மோந்தேன். அதுக்கு முன்னாடி எவ்வளவு நாள் குடிச்சான்னு எனக்குத் தெரியாது. ராத்திரியில எவ்வளவு குடிச்சாங்கறதும் தெரியாது.

உன்னைத்தான் ஊமைக்கோட்டான்னு கூப்பிட்டுக்கிட்டு இருந்தேன்.

நீ போன் பண்ணது முதலாளி காதுக்குப் போயிடுச்சு. "உன் தங்கச்சிதானே?"ன்னு கேட்டார். ஆமான்னேன். மேற்கொண்டு ஒண்ணும் கேட்கலை. நீயும் பட்டறையைப் பத்தி என்கிட்ட ஒண்ணும் கேட்காதே.

அண்ணன்

செப்டம்பர் 6

நாத்தனாருக்கு,

பொண்ணு. போன மாசக் கடைசியில, நாளுக்கு முன்னாடியே வந்துட்டா. ரொம்பச் சின்னதா இருக்கான்னு கொஞ்ச நாள் கண்ணாடிப் பெட்டியில வெச்சிருந்தாங்க. இப்ப என் பக்கத்தில படுத்திருக்கா. அழுகை மட்டும் பெருசு. உங்க குடும்பத்து ஊமைத்தனம் இதுகிட்ட இல்லை. மாசாமாசம் கொண்டு வந்து காட்டணும், காதும் கண்ணும் போகப்போகத்தான் தெரியும்னு சொல்லியிருக்காங்க.

கோபம் இல்லைன்னு எழுதினா நீயே நம்ப மாட்டே. உன் கையெழுத்தைப் பார்த்தாலே அந்தத் தண்ணி வாயில வந்துச்சு. உன் அண்ணன்மேலயும் கோபம்தான். ஒருத்தி சொல்லத் தெரியாம சொன்னா, ஒருத்தர் தெரிஞ்சும் சொல்லலை, நடுவில நான் குடிச்சேன். நேத்து இவ பால் குடிச்சுட்டுத் தூங்கினப்ப, அலமாரியில இருந்ததை எல்லாம் எடுத்துப் பிரிச்சேன். ஒவ்வொண்ணிலயும் சாப்பிட்டீங்களா, சாப்பிட்டீங்களான்னு கேட்டிருக்கே. சாப்பிட்டேன்.

தையல்காரம்மா சட்டை தைச்சுக் கொண்டாந்தாங்க. அதில ரெண்டு பிள்ளை போகும். உன் அண்ணன் இப்ப பட்டப்பகல்ல, நாலு பேர் பார்க்க அவங்க கிணத்திலிருந்து குடம் தூக்கிட்டு வர்றார்.

சைக்கிள் கடைக்காரர் குடிக்கறதை நிறுத்திட்டார். ஆனா அவருக்கும் கீழே, பார், இதை எழுதறதுக்கு முன்னாடி கை நிக்குது, தண்ணி போற பக்கம் இருக்கிற வீடுகளுக்கு யாரும் ஒண்ணும் சொல்லலை. அந்தக் கடைசி வீட்டுப் பொண்ணுக்கும் இப்ப மாசம்.

ஜனவரியில, இன்னொண்ணு கேட்கணும், பிறகுன்னு எழுதியிருந்தே. என்கிட்ட கேட்க வேண்டியது இல்லைன்னு எனக்கு எப்பவோ புரிஞ்சுபோச்சு. கேட்க வேண்டியவர்கிட்ட கேளு.

அண்ணி

செப்டம்பர் 17

அண்ணா,

இதையும் பொறுத்துக்கொள்ள வேண்டும். கேட்காதே என்று நீ எழுதிய பிறகும் எழுதுகிறேன்.

பாப்பா எப்படி இருக்கிறாள்? அண்ணிக்குக் கால் வீக்கம் வடிந்ததா? உன் விரலுக்கு எண்ணெய் மட்டும் போதாது, டாக்டரிடம் காட்டு. பானையைப் பற்றி நீ எழுதியதை நான் யாரிடமும் சொல்லவில்லை. தினமும் ஒரு தடவை எடுத்துப் படிக்கிறேன். நான் எழுதிய தப்பை நீ விடிகாலையில் கவிழ்த்துக் கவிழ்த்துக் கழுவியிருக்கிறாய்.

எங்கள் அறிக்கை முடியப்போகிறது. என் வரைபடமும் முடிந்துவிட்டது. கல்குவாரி, பள்ளித் திடல், நிழற்குடை, எல்லாவற்றையும் சுற்றிக் கோடு போட்டாயிற்று. மூன்று வால் பூச்சி எது வரைக்கும் இருக்கிறது, சிவப்புப் புழு எங்கே தொடங்குகிறது என்பதும் குறித்தாயிற்று. இரண்டுக்கும் நடுவில் இருப்பது பட்டறை மட்டும்தான். ஆனால் நடுவில் இருப்பதை வைத்து எழுத முடியாது என்கிறார் அதிகாரி. எங்கள் ஆட்கள் போனபோது முதலாளி டிரம்களைக் காட்டினாராம். கழிவெல்லாம் இதில்தான் பிடிக்கிறோம், லாரி வந்து எடுத்துப் போகும், தரையில் ஒரு சொட்டு விடுவதில்லை என்றாராம். டிரம் மூடிகளின் மேல் தூசி படிந்திருந்ததாம். பின்கட்டுக்குள் விடவில்லை. கழிவு எங்கே போகிறது என்று இடம் தெரிந்தால்தான் உத்தரவோடு உள்ளே போய்ப் பார்க்க முடியுமாம். அதனால் அறிக்கையில் "காரணம் உறுதியாகவில்லை" என்று எழுதப்போகிறார்கள். அப்படி எழுதிவிட்டால் கிணறுகளுக்கு எச்சரிக்கைப் பலகைகூட வைக்க மாட்டார்கள். அந்தக் கடைசி வீட்டுப் பெண் காலையில் எழுந்து அதையேதான் மோந்து குடிப்பாள். அவள் வீட்டில் பானையை மாற்ற ஆள் இல்லை.

அண்ணிக்கு எழுதும் முன்பே உனக்கு இரண்டு தடவை எழுதியபோது கேட்க வந்தது இதைத்தான். இரண்டு கடிதத்திலும் சுற்றி வளைத்தேன். நீ பதில் போடவில்லை. அண்ணிக்கு எழுதினால் பேச்சோடு பேச்சாக உன் காதில் விழும் என்று நினைத்தேன். மீனையும் பறவையையும் கேட்டதும் பொய்யில்லை. ஆனால் அவற்றைக் கேட்டுக்கொண்டே இதைத் தள்ளிப்போட்டேன்.

பட்டறைக்குப் பின்னால் ஒரு குழி இருக்கிறது. இல்லாமல் இந்தத் தண்ணீர் இப்படி ஆகாது. அதில் ஊற்றுவது நீ. உன்னை ஊற்றச் சொன்னது யார் என்பது எனக்குத் தெரியும். இதைக் கேட்பதால் உன் வேலை போகலாம். போகும் என்றே வைத்துக்கொள்கிறேன். அது தெரிந்துதான் கேட்கிறேன், அண்ணா. தெரியாத மாதிரி கேட்டால் அது இன்னும் பெரிய தப்பு.

இத்துடன் ஒரு தாள் வைத்திருக்கிறேன். அதில் ஓடை இருக்கிறது, நம் வீடு இருக்கிறது, இரண்டு கிணறும் பட்டறைச் சுவரும் இருக்கின்றன. சுவருக்குள் ஒன்றும் போடவில்லை. நீ எதுவும் எழுத வேண்டாம், கையெழுத்து வேண்டாம். மேலே கீழே என்று எங்கும் நான் எழுதவில்லை. தாளை எப்படிப் பிடிப்பது என்று தெரிய ஓர் அம்புக்குறி போட்டு, பக்கத்தில் "தண்ணீர் போகும் பக்கம்" என்று மட்டும் எழுதியிருக்கிறேன். குழி இருக்கும் இடத்தில் ஒரு புள்ளி வைத்து அனுப்பு.

உன் தங்கை